படுக்கப் போட்டு நட்டவள்

எங்கள் தெருவில் யாராவது "தக்காளி" என்று கத்தினால் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடக் கூடாது. கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் எங்கள் தெருவில் அது காய்க்கும் பேர், வசவுக்கும் பேர். ஆம்பளைகள் பெரிய கெட்ட வார்த்தைக்குப் போவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்கிற சின்ன வார்த்தை. அப்படிப்பட்ட தெருவில் ஒருத்தி மொட்டை மாடி முழுக்கத் தக்காளி வளர்த்தால் சும்மா விடுவார்களா? தக்காளியக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கூப்பிடும். அவளும் "இன்னாடா" என்று திரும்புவாள். அதற்காக அவள் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அவளுடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. என் தலைக்கு மேலே, மாடி வீட்டில், புருஷனும் அவளுமாகக் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்கு அங்கேதான் போவார்கள். அவர் எண்ணூர்ப் பக்கம் வெல்டர் வேலை பார்த்தார். கீழ் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும். அவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் துறைமுக வாசல் வரிசையிலேயே கிடப்பார். எனக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. மாடிவீட்டார் காலி செய்துகொண்டு போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. போன அன்றைக்கு நான் பெரம்பூரில் அம்மா வீட்டில் இருந்தேன், எங்கே போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் பாசம் வரும். அதன் பின்னாலேயே ஒரு கலக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் நாற்று நடுவதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காசிமேட்டிலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் தேங்காய் நாரும் கலந்து நிரப்பி வைத்திருப்பாள். எத்தனை கழுவினாலும் மீன் வாடை போகாது. தெருவிலுள்ள பூனைகளெல்லாம் தக்காளிச் செடியைச் சுற்றி ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கும். நாற்றுகள் மாடிப்படி ஜன்னலில், பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலில் முளைத்தவை. வெளிச்சத்தைத் தேடித் தேடி நெட்டையாக, நூல் மாதிரி வளர்ந்து தலை தொங்கிக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மண்ணில் நீளமாக ஒரு வாய்க்கால் கீறி, செடியை அதில் படுக்கவைத்து மூடினாள். நுனியில் நாலு இலை மட்டும் மண்ணின்மேல் சாய்ந்து கிடந்தது.

"இன்னாக்கா இது, நடுறியா, பொதைக்கிறியா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மே. பொட்டில ஆயமா பொதைக்க எடம் இல்ல, செடி நெட்டையா பூட்ச்சி. நிக்க வெச்சு நட்டா காத்துல ஆடிகினே கெடந்து சாவும். படுக்கப் போட்டேன்னு வையி, தண்டு பூரா வேரு வுடும். இத்தப் பாரு, தண்டு மேல மயிரு மயிரா கீதா? மண்ணு பட்டா அத்தினியும் வேரு."

நான் பாவம் பார்த்து ஒரு நுனியை நிமிர்த்தி வைக்கப் போனேன். பட்டென்று என் கையில் தட்டினாள்.

"தூக்காத! கயுத்து ஒடிஞ்சிடும். அதுவா தூக்கும், நீ வேலையப் பாரு."

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் வீம்புக்காகவே மாடி ஏறிப் பார்த்தேன். எல்லா நுனியும் வளைந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் எங்கள் காற்றில் வருகிற கரித்தூளைத் தினமும் இலை இலையாகத் துடைத்து, அவள் காய்க்கவைத்த தக்காளியைத் தெருவே ரசம் வைத்துக் குடித்தது. செடிகளைப் பிடுங்கிப் போட்ட அன்றைக்கு எனக்கு ஒன்றைக் காட்டினாள். மண்ணுக்குள் இருந்த தண்டு முழுக்கச் சடை சடையாக வேர். அதைக் குழந்தையின் தலையைத் தடவுவதுபோலத் தடவினாள்.

எதையும் படுக்கப் போடுவதில் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நிற்கிற பொருளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. எண்ணெய் பாட்டிலிலிருந்து துடைப்பம் வரைக்கும் அவள் வீட்டில் எல்லாம் படுத்தே கிடக்கும். "நிக்கிறது எல்லாம் ஒரு நாளைக்கு வுயும்மே. படுத்துகினு கீறது எங்க வுயப் போவுது?" என்பாள். கொருக்குப்பேட்டையில் யாரிடமோ பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கி, அதை மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கொண்டுவந்தாள். நான் வாசலிலேயே கத்தினேன்.

"அய்யோ அக்கா, ஃப்ரிட்ஜைப் படுக்க வெக்கக் கூடாதுக்கா! உள்ள இருக்கிற ஆயிலு எல்லாம் எடம் மாறிப் பூடும்."

"கொஞ்ச நேரம் படுத்தா செத்தா பூடும்? வூட்டாண்ட வந்துட்ச்சில்ல, இனிமே நிக்கட்டும்."

ஒரு நாள் முழுக்க நிற்கவைத்து, அப்புறம்தான் பிளக்கைச் சொருக வேண்டும் என்று நான் சட்டமாகச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டாள். அந்த ஃப்ரிட்ஜ் ஓடியது. ஓடியதோடு விட்டதா, பார்க்கிற போதெல்லாம் "படுத்து வந்த பொட்டி, பாத்தியா எப்டி கூலிங் குட்க்குது" என்று என் மானத்தை வாங்கினாள்.

அக்காவின் புருஷன் நின்று நடமாடிய காலத்தை நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. நல்ல உயரம், வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், தெருவில் யாரிடமும் வம்பு தும்பு கிடையாது. சாயங்காலம் வேலை முடிந்து குடித்துவிட்டு வரும் நாட்களில் மேலேயிருந்து முதலில் "தக்காளி" என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் அதற்கு அடுத்த வார்த்தைகள். அப்புறம் நாற்காலி நகரும். நான் அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறையில் மேலே பார்த்துக்கொண்டு நிற்பேன். தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு எல்லாம் அடங்கிவிடும்.

மறுநாள் கன்னம் வீங்கிக் கீழே வருவாள். "படியில வுயுந்துட்டேம்மே, தைலம் இருந்தா குடு." மருந்துக் கடையில் பில் போடுகிறவளிடம் படிக்கட்டுக் கதையா? மாசத்துக்கு எத்தனை பெண்கள் என் எதிரே நின்று அதே படியிலிருந்து விழுந்திருக்கிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ ஏன்க்கா சொம்மா வுயுந்து கெடக்கிற? கெளம்பி உங்கண்ணன் வூட்டுக்குப் போயேன்."

"அங்க போனா மட்டும் நிக்க எடம் குட்ப்பாங்களா?" என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "உனுக்கு ஒண்ணு தெரியுமா? மொத அடியிலயே வுயுந்துடணும். ஒருக்களிச்சுப் படுத்து, கால மடக்கி, கையால மூஞ்சிய மூடிக்கினோம்னு வையி, என் புருசன் கீதே, அதுக்குச் சலிப்பு வந்துடும். நின்னுகினு கீற ஆளத்தான் அடிக்கத் தோணும். படுத்துகினு கீறவள எத்தினி நேரம் அட்ச்சிகினு இருப்பான்?"

தொப்பென்ற சத்தம் அவர் தள்ளியதால் வரவில்லை, அவளாகவே விழுந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில், வேலை செய்யும் இடத்தில் சாரம் சரிந்து அவர் கீழே விழுந்தார். இடுப்பிலும் முதுகிலும் அடி. ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெரு ஆம்பளைகள் நாற்காலியோடு தூக்கித்தான் மாடி ஏற்றினார்கள். அக்கா பின்னாலேயே அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. கோயில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அவரைத் துடைத்துவிடுவாள், புரட்டிப் படுக்கவைப்பாள், பவுடர் போடுவாள், சோறு ஊட்டுவாள். மாசக்கணக்கில் படுத்தவருக்கு முதுகில் ஒரு சின்னப் புண்கூட வரவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மருந்துக் கடையில் இருக்கிற எனக்குத் தெரியும். கோயில் பெண்கள் பார்க்க வந்து, பொண்டாட்டி என்றால் இவள்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். நானும்தான் மெச்சினேன். அவரும் ஆளே மாறிவிட்டார். குடி போன இடம் தெரியவில்லை. நான் மேலே போனால் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார், அக்கா நல்லா சாப்பிடறாளா பார்த்துக்கோ தங்கச்சி என்பார். அந்த வருஷம் தக்காளி தாறுமாறாகக் காய்த்தது.

எல்லாம் நன்றாகப் போகும்போது எனக்கு மட்டும் என்ன குடைச்சல்? ஆஸ்பத்திரியில் எலும்பு கூடிவிட்டது, இனி மெல்ல உட்காரவைத்து நிற்கவைத்து நடக்கவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அக்காவே எனக்குச் சொன்ன விஷயம் அது. ஆனால் மாசங்கள் போயும் அவர் படுத்தேதான் இருந்தார். கேட்டால், "அவசரப்படக் கூடாதும்மே, ஒடம்பு தேறட்டும்" என்பாள். எங்கள் கடைக்கு வரும் பெரம்பூர்ப் பெண் ஒருத்தி பிசியோதெரபி செய்கிறவள். அக்காவிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் அவர் காலை மடக்கி நீட்டி, உதைக்கச் சொல்லிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கிளுக்குக் கால்ல பலம் இருக்கு ஆண்ட்டி. டெய்லி நிக்க வெச்சீங்கன்னா நடந்துடுவாரு. இப்படியே படுக்க வெச்சிருந்தீங்கன்னா தசை எல்லாம் போயிடும். அப்புறம் நாம ஆசைப்பட்டாலும் நிக்க முடியாது. ஆஸ்பத்திரியில வாக்கர் குடுத்தாங்களா?"

"குட்த்தாங்கம்மா, எங்கயோ கீது, தேடி எடுக்கணும்" என்று அக்கா அந்தப் பெண்ணுக்கு ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்து அனுப்பினாள்.

வாக்கரை நான்தான் கண்டுபிடித்தேன். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோது, தெர்மாகோல் பெட்டிகளுக்கு நடுவே நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. அதன் கைப்பிடியில் தக்காளிக் கிளைகளைப் பழைய சேலைக் கிழிசலால் அழகாகக் கட்டியிருந்தாள். குலை குலையாகக் காய் தொங்கியது. அக்கா குந்தி உட்கார்ந்து பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"சொம்மாதானே கெடந்துது. செடி சாயுதேன்னு கட்டிவுட்டேன்."

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லிட்டுப் போச்சு? நீ வேணும்னுட்டே அவர படுக்க வெச்சிகினு கீற!"

அவள் மறுப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். பழத்தை மடியில் போட்டுக்கொண்டு "ஆமா" என்றாள்.

"ஆமாம்மே. அது நின்னுகினு இருந்தப்போ நான் படுத்துகினு கெடந்தேன். இப்போ அது படுத்துகினு கீது, நான் நின்னுகினு கீறேன். ஒரே வூட்ல ரெண்டு பேரும் நிக்கிற மாரி எங்களுக்கு வாய்க்கல."

"இப்போதான் அவரு திருந்திட்டாரேக்கா."

"படுத்துகினு கீற ஆளு எல்லாரும் நல்ல ஆளுதான்."

"பாவம்க்கா" என்றேன்.

"யாரு?"

அவள் விடாமல் கேட்டாள். "நான் அத்த கலீஜா வுட்டேனா? வேளைக்குச் சோறு போடலியா? ஒரு புண்ணு, ஒரு கொப்புளம் வந்துதா, நீயே சொல்லு. நான் யாருக்கும் கெடுதல் பண்ணல. தூங்கறம்மே. கல்யாணம் கட்டினதுலேர்ந்து இப்பதான் நான் பேஜார் இல்லாம தூங்கறேன்."

ஈரத் துணியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன். அன்றையிலிருந்து எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அவர் கால் ஒவ்வொரு நாளும் கரைந்துகொண்டிருக்கிறது, எனக்குத் தெரியும். அந்தக் கால் நின்றால் யார் கன்னம் வீங்கும் என்பதும் தெரியும். ஒரு மனுஷனைத் திட்டம் போட்டு முடமாக்குகிறாளே என்று அவள்மேல் ஆத்திரம் வரும். உடனே சமையலறையில் நான் மேலே பார்த்துக்கொண்டு நின்ற சாயங்காலங்கள் ஞாபகம் வரும். யாரிடம் போய் எதைச் சொல்வது?

ஒரு நாள் அக்கா ரேஷன் கடைக்குப் போகும்போது, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, நீ அவளாண்ட ஒரு வார்த்த சொல்லும்மா. ஒரே ஒரு தபா என்ன நிக்க வெச்சுப் பாக்கச் சொல்லு. ஜன்னலாண்ட நின்னு ரோட்டப் பாக்கணும், வேற ஒண்ணும் வாணாம்."

"நீங்களே சொல்றதுதானேண்ணா?"

"சொன்னா பேச்ச மாத்தறா. பயப்புடறாம்மா. நான் மறுபடி வுயுந்துடுவேன்னு பயம். அவளுக்கு நான்னா உசுரு."

அவர் நடிக்கவில்லை. அந்த முகத்தில் கள்ளமே இல்லை. மனசார அப்படித்தான் நம்பினார். அத்தனை வருஷமும், அத்தனை அடியும் அவருக்கு மறந்தே போயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் வாய்வரைக்கும் வந்துவிட்டது, சொல்லவில்லை. படுத்துக் கிடக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

அக்காவிடம் சொன்னேன். ரேஷன் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தவள், "அவளுக்கு நான்னா உசுரு" என்று நான் சொன்னதும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரிசியை அளையத் தொடங்கினாள். ரொம்ப நேரம் அளைந்தாள்.

"அதுக்கு ஞாபகமே இல்லியா மே?" என்றாள்.

"இல்லக்கா."

அடுத்த சில நாட்கள் அவள் என் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்தவள் நேராக மொட்டை மாடிக்குப் போய் வாக்கரைக் கழற்றினாள். காய்த்துத் தொங்கிய கிளைகளெல்லாம் தரையில் சரிந்தன. அதன் காலில் அப்பியிருந்த மண்ணை என் வீட்டு வாசல் குழாயில் வைத்துக் கழுவினாள்.

"அந்தப் பொண்ண இட்டுகினு வா. நீயும் வரணும். நீ இல்லாம வாணாம்."

பிசியோதெரபிப் பெண் வந்தாள். அவருக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, கட்டில் ஓரத்தில் குந்தவைத்திருந்தாள் அக்கா. பீரோவின் பக்கத்தில் போய் ஒதுங்கி நின்றுகொண்டாள். அந்தப் பெண் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "ஒண்ணு, ரெண்டு, எழுந்திரிங்க அங்கிள்" என்று அந்தப் பெண் சொன்னதும் அவர் வாக்கரைப் பிடித்து உந்தினார். முழங்கால் நடுங்கியது, உட்கார்ந்தார், மறுபடி உந்தினார். நின்றுவிட்டார்.

அவர் அவ்வளவு உயரம் என்பதே எனக்கு மறந்திருந்தது. அந்தச் சின்ன அறை அவரால் நிறைந்துபோயிற்று. முகமெல்லாம் வியர்வை, சிரிக்கிறார், கண்ணீரும் வருகிறது. அந்தப் பெண் கை தட்டாத குறைதான். அவர் வாக்கரிலிருந்து வலது கையை எடுத்தார். மேலே தூக்கினார்.

பீரோ பக்கம் தொப்பென்று சத்தம். அக்கா தரையில் கிடந்தாள். ஒருக்களித்து, காலை மடக்கி, முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு.

"ஐயோ, ஆண்ட்டி மயங்கிட்டாங்க! அக்கா, தண்ணி எடுத்துட்டு வாங்க" என்று அந்தப் பெண் என்னிடம் பதறினாள்.

நான் நகரவில்லை. அவள் மயங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் கை நெற்றியில் இருந்தது. சிலுவை போட்டுக்கொள்ளத்தான் தூக்கியிருக்கிறார். நெற்றிக்குப் போன கை நெஞ்சுக்கு இறங்கவில்லை. தரையில் கிடந்தவளைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் திரும்புவதை அவர் முகத்திலேயே நான் கண்டேன். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"தங்கச்சி" என்றார். குரலே எழவில்லை. "என்னப் படுக்க வெச்சிடும்மா."

நான் அவர் தோளைப் பிடிக்கப் போனேன்.

"வாணாம்" என்று என்னைத் தடுத்தாள் அக்கா, முகத்திலிருந்து கையை எடுக்காமல். பிறகு அவரிடம் சொன்னாள்: "நில்லு."